தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம்

பிலிப் லார்கினை நமக்குக் கவிஞராகத்தான் தெரியும். இருபதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு நாவல் எழுதியிருக்கிறார், 1946இல் வெளிவந்த 'ஜில்'. பெரிய நாவல் என்று சொல்ல மாட்டேன். பின்பாதி இழுவை. ஆனால் அதன் முதல் சில பக்கங்களைத் தாண்டிப்போக எனக்கு ரொம்ப நாளாயிற்று. 1940, போர்க்காலம். லங்காஷயர் பக்கத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஜான் கெம்ப் என்ற பையன் உதவித்தொகை வாங்கி ஆக்ஸ்ஃபோர்டுக்கு ரயிலில் போகிறான். வீட்டில் கட்டிக்கொடுத்த சாண்ட்விச் பையில் இருக்கிறது. பசிக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் பொட்டலத்தைப் பிரிக்கக் கூச்சம். எழுந்து கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவசர அவசரமாக விழுங்குகிறான். வெளியே யாரோ கதவை ஆட்ட, மிச்சத்தை வெளியே வீசிவிட்டு வந்து உட்காருகிறான். கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியில் இருந்தவர்கள் தங்கள் சாப்பாட்டை எடுக்கிறார்கள். 'தம்பி ஒண்ணுமே கொண்டுவரலை போல' என்று நினைத்து அவனுக்கும் நீட்டுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு லங்காஷயர் தெரியவில்லை. 2023 ஜூன் 15 அன்று போடியிலிருந்து சென்னைக்கு நேர் ரயில் கிளம்பியதே, அதுதான் தெரிந்தது. அகலப்பாதை வேலைக்காகப் பழைய போடி லைனை மூடி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்க ராசிங்காபுரத்துப் பிள்ளைகள் இப்போது போடிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து அந்த ரயிலில்தான் சென்னைக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். எவர்சில்வர் டப்பாவில் புளிச்சோறு இருக்கும். அதை எங்கே திறந்திருப்பார்கள்?

கல்லூரி முதல் வருடம் பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், சினிமாவில் மலை போல இருக்கிறது, எழுத்தில் ரொம்பக் கொஞ்சம். சினிமாவில் முதல் வருடம் என்றால் ராகிங், கேன்டீன், நாயகி நடந்து வருவது. ராகிங்கை நாம் நகைச்சுவைக் காட்சியாகவே பழகிவிட்டோம். 1996இல் சிதம்பரத்தில், மருத்துவப் படிப்பில் முதல் வருடம் படித்த பொன் நாவரசு கொல்லப்பட்டு, அதையடுத்து 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் நம் படங்களில் ஜூனியர் பையன் மேசை மேல் ஏறி ஆடிக்கொண்டுதான் இருந்தான். கூச்சப்படுகிறவன் அந்தப் படங்களில் நாயகனின் நண்பன். கண்ணாடி போட்டிருப்பான், திக்கிப் பேசுவான். கேமரா அவன் பக்கம் திரும்பினாலே நாம் சிரிக்கத் தயாராக வேண்டும்.

எழுத்துக்கு வந்தால் என் கையில் நிற்பவை சில பிரதிகள்தான். அவற்றில் முதலில் பாமாவின் 'கருக்கு', 1992. அதில் கல்லூரிக் காலத்தைப் பற்றி வரும் ஓர் இடத்தை வாசித்தவர்கள் மறந்திருக்க முடியாது. கல்லூரியில் விருந்து. எல்லாரும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வருகிறார்கள். தன்னிடம் அப்படி ஒன்று இல்லை. அந்தப் பெண் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விருந்து முடியும்வரை உள்ளேயே இருந்துவிடுகிறாள்.

லார்கினின் கழிப்பறையும் பாமாவின் குளியலறையும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டுமே உள்பக்கம் தாழ் போட்ட கதவுகள். இரண்டு பேருமே படிப்பினால் தங்களுக்குப் பழக்கமில்லாத இடத்துக்குப் போனவர்கள். ஆனால் கெம்ப் சாண்ட்விச்சை மறைக்கத் தேவையே இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் பிரித்துச் சாப்பிட்டார்கள், கொடுக்கவும் கொடுத்தார்கள். அவன் கூச்சம் அவன் தலைக்குள் இருக்கிற ஒன்று, நாவலாசிரியர் அதை லேசான சிரிப்போடுதான் சொல்கிறார். பாமாவின் பெண் வெளியே வந்திருந்தால் யாரும் அவளுக்குச் சேலை நீட்டியிருக்கப் போவதில்லை. அவள் கணக்கு சரியான கணக்கு. வெளியே என்ன நடக்கும் என்று தெரிந்தே உள்ளே இருக்கிறாள். இதைக் கூச்சம் என்று சொல்வதா, நிலவரம் தெரிந்த புத்திசாலித்தனம் என்று சொல்வதா?

நம் ஆட்கள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். கல்லூரி தொடங்கும் மாதத்தில் எந்த ஆடிட்டோரியத்திலும் ஒருத்தர் கோட் போட்டுக்கொண்டு வந்து, 'கூச்சத்தை விடுங்க, கையைத் தூக்குங்க, பேசுங்க' என்பார். கேட்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது கெம்ப்பின் கூச்சம், இரண்டு மாதத்தில் தானாகவே தெளியும். மீதிப் பேருக்குப் பேசினால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரியும். ஊர் எது என்று கேட்பார்கள். ஊர் சொன்னால் தெரு கேட்பார்கள்.

மூன்றாவது கழிப்பறை 'பரியேறும் பெருமாள்' படத்தில் இருக்கிறது. மாரி செல்வராஜ் இயக்கி 2018 செப்டம்பரில் வந்த படம், உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் முதல் வருடம் சேரும் பரியன். அவனைப் பிடிக்காதவர்கள் அவனைப் பெண்கள் கழிப்பறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். அதற்காக அவன்தான் விசாரிக்கப்படுகிறான், அவன்தான் அப்பாவைக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. பாமாவின் பெண் தானே தாழ் போட்டாள். பரியனுக்கு அந்த உரிமைகூட இல்லை. ஒளிந்துகொள்கிற இடத்தையே அவமானப்படுத்துகிற இடமாக மாற்றிவிட்டார்கள்.

இந்தப் படத்தைப் பற்றி வந்த எழுத்துகளில் பெரும்பாலானவை கறுப்பி நாயையும், அந்தக் கிழவரையும், கடைசிச் சட்டகத்தில் மேசையில் இருக்கும் இரண்டு டீ கிளாஸையும் பற்றியவை. நியாயம்தான். ஆனால் எனக்கு அது முதலில் ஒரு முதல் வருட மாணவனின் படம். ஆங்கிலத்தில் நடக்கும் பாடம் புரியாமல் பரியன் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக் காட்சிகளைக் கவனியுங்கள். கதிரின் நடிப்பில் அங்கே ஒரு விஷயம் உண்டு. புரியாதபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத தவிப்பு. போர்டைப் பார்த்தால் கேள்வி வரும், நோட்டைப் பார்த்தாலும் கேள்வி வரும். தமிழ் மீடியத்திலிருந்து போன யாருக்கும் இந்த நடிப்பை விளக்க வேண்டியதில்லை. ஜோதி மகாலட்சுமி அவனுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வருவதைக் காதல் கதையாக மட்டும் பார்ப்பவர்கள், ஒரு முதல் வருடப் பையனுக்குப் பக்கத்து பெஞ்சில் ஒருத்தி அர்த்தம் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தவற விடுகிறார்கள்.

படத்தின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. கடைசியில் பரியன் நன்றாகப் பேசுகிறான். ரொம்ப நன்றாகப் பேசுகிறான். ஜோவின் அப்பாவிடம் அவன் பேசும் இடம் படத்தின் உச்சம் என்று கொண்டாடப்பட்டது, நானும் தியேட்டரில் கைதட்டியவன்தான். ஆனால் அங்கே பேசுவது பரியனா, பரியனை எழுதியவரா என்ற சந்தேகம் போகவில்லை. பேசத் தெரியாதவனுக்கு ஒரு கதை கொடுக்க வேண்டுமென்றால் முடிவில் அவனைப் பேசவைத்துத்தான் ஆக வேண்டுமா? பேச்சு வராமலே இரண்டாம் வருடத்துக்குப் போகிறவனுக்குக் கதை கிடையாதா? தமிழ் சினிமாவுக்கு வசனம் வேண்டும் என்பது தெரியும். இருந்தாலும் அந்தப் படத்தின் வகுப்பறைகள் நம்பகமானவை, அந்தக் கடைசிப் பேச்சு நாம் கேட்க விரும்பியது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஆதவனின் 'என் பெயர் ராமசேஷன்' இருக்கிறது. 1980இல் வந்தது. இணையத்தில் இன்றைக்கும் இளைஞர்கள் கையில் சுற்றும் நாவல். பலர் அதை 'நம்ம கதை' என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ராமசேஷன் கூச்சக்காரன்தான், ஆனால் அவன் கூச்சத்துக்கு வாய் நீளம். பணக்கார நண்பன் ராவ் முன்னால் ஒரு வேஷம், பெண்கள் முன்னால் ஒரு வேஷம், வீட்டில் ஒரு வேஷம் என்று தன்னைத்தானே பிரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒவ்வொரு சங்கடத்துக்கும் உடனுக்குடன் ஒரு விளக்கம் தயார். ஆதவன் மாதிரி இதை எழுத இன்னொருத்தர் தமிழில் இல்லை, அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் கூச்சத்தை இவ்வளவு கூர்மையாக ரசிக்க முடிகிறவனுக்கு ஒரு மெத்தை இருக்கிறது. நகரம், மொழி, சாதி மூன்றும் அவனுக்கு அடியில் விரித்திருக்கின்றன. அவன் விழுந்தாலும் அடிபடாது. அவனுக்கு வேஷம் ஒரு விளையாட்டு, பரியனுக்கு அது கிடைக்காத சட்டை.

சரி, ராமசேஷனை இப்படி ஓரங்கட்டிவிட முடியுமா? முடியாது என்றும் நினைக்கிறேன். எல்லாக் கூச்சத்தையும் சாதி, வர்க்கம், மொழி என்று கணக்குப் போட்டுத் தீர்த்துவிடுவது சமீபத்திய விமர்சனத்தின் சௌகரியம். ஒரே வீட்டில், ஒரே பள்ளியில், ஒரே பஸ்ஸில் போன அண்ணனும் தம்பியும் உண்டு. ஒருத்தன் கண்டக்டரிடம் அரட்டை அடித்துக்கொண்டு போவான், இன்னொருத்தன் இறங்க வேண்டிய ஸ்டாப்பில் விசில் அடிக்கச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருவான். இரண்டாமவனுக்கு எந்தக் கோட்பாடும் உதவாது. அவனைப் புரிந்துகொள்ள நமக்கு ஆதவனைவிட அசோகமித்திரன்தான் வேண்டும்.

'18வது அட்சக்கோடு' 1977இல் வந்தது. அதைச் சரித்திர நாவலாகவே எல்லாரும் படிக்கிறார்கள். 1947, 48, செகந்திராபாத், நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்கள், ரஜாக்கர்கள். அந்தச் சரித்திரத்துக்கு நடுவே சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும் சந்திரசேகரன் ஒரு கல்லூரி மாணவன் என்பதை நாம் சும்மா குறித்துக்கொண்டு தாண்டிவிடுகிறோம். அவன் கூச்சக்காரன் என்று அசோகமித்திரன் எங்கேயும் அடிக்கோடு போடுவதில்லை. ஆனால் நாவல் எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். சில பகுதிகள் 'நான்' என்று போகின்றன. சில பகுதிகளில் அதே ஆள் 'அவன்', 'சந்திரசேகரன்' ஆகிவிடுகிறான். இந்த மாறாட்டத்தை உத்தி என்று சொல்லி விமர்சகர்கள் நகர்ந்துவிட்டார்கள். எனக்கு அது கூச்சத்தின் இலக்கணமாகவே படுகிறது. கூச்சப்படுகிறவன் ஒரு அறைக்குள் நுழையும்போது அவன் 'நான்' இல்லை. எல்லாரும் பார்க்கிற 'அவன்'. தன் கை எங்கே தொங்குகிறது, செருப்பில் எவ்வளவு தூசி என்று வெளியே நின்று தன்னையே பார்க்கிறான். அறையை விட்டு வெளியேறி சைக்கிளில் ஏறியதும்தான் மறுபடியும் 'நான்' ஆகிறான். இதை ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் பிரதிப்பெயரை மாற்றியே செய்துவிட்டார் மனுஷன்.

அசோகமித்திரனின் உரைநடையே கூச்சக்காரனின் உரைநடை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. உரத்துச் சொல்லாது, முக்கியமானதை வாக்கியத்தின் நடுவில் போட்டு மறைத்துவிடும். ஆனால் எல்லாவற்றையும் பார்த்திருக்கும். வகுப்பில் வாயே திறக்காதவன்தான் யார் யாரிடம் கடன் வாங்கினான், எந்தப் பேராசிரியருக்கு எந்தக் கால் வலி என்பதெல்லாம் தெரிந்தவன். நாவலின் முடிவில், கலவர இரவில், தன் குடும்பத்தைக் காப்பாற்றத் தன்னையே கொடுக்க முன்வரும் ஒரு பெண்ணின் முன்னால் சந்திரசேகரன் நிற்க நேர்கிறது. அவனுக்கும் வசனம் இல்லை. ஓடுகிறான். பரியன் பேசியதைவிட இவன் ஓடியது எனக்குள் அதிக நாள் தங்கியிருக்கிறது.

இதில் பெண்களின் கணக்கு தனி. ஆணுக்குக் கூச்சம் எப்போதுமே குறைதான், ஊரிலும் கல்லூரியிலும். பெண்ணுக்கு அப்படியில்லை. அச்சம், நாணம், மடம் என்று தொல்காப்பியக் காலத்திலிருந்தே வரிசை போட்டு வைத்திருக்கிறோம். எங்க பக்கம் பதினேழு வயதுவரை ஒரு பெண் பிள்ளை வாய் திறக்காமல் இருந்தால், 'அது அடக்கமான புள்ள, இருக்கற எடமே தெரியாது' என்று அப்பத்தாவிலிருந்து அத்தை வரை மெச்சுவார்கள். பதினெட்டாவது வயதில் அதே பிள்ளையைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் விட்டதும் அந்த வாரமே அது குறையாகிவிடுகிறது. 'ஏம்மா, வாயைத் தொறந்து பேச மாட்டியா? இன்டர்வியூல எப்படி நிப்ப?' பதினேழு வருஷம் புகழ்ந்து வளர்த்ததை ஒரு செமஸ்டரில் கழற்றி வை என்றால் அவள் எதைக் கழற்றுவாள்? தமிழ் நாவலில் இந்தப் பெண்ணை நான் இன்னும் சந்திக்கவில்லை. 'கருக்கு'வின் அந்தக் குளியலறைக் கதவுதான் அவளுக்கு மிக அருகில் இருக்கிறது, அதுவும் தன்வரலாறு.

இத்தனைக்கும் அவள் இன்று ஒருத்தி இல்லை. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது, பொறியியலுக்கு அதற்கு அடுத்த வருடம். அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது 2010இல். போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே நடக்கிற கலைக் கல்லூரியும் பல வருஷமாக இருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. உள்ளே போனபிறகு அந்த முதல் பத்து மாதம் எப்படிப் போகிறது என்பதை எந்தத் திட்ட அறிக்கையும் எழுதாது. அது கதைக்காரர்கள் வேலை.

எங்க மலைச்சரிவைப் பற்றி எழுத்தும் சினிமாவும் சொன்னதெல்லாம் சுமையைப் பற்றித்தான். விடியக்காலையில் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும், பொழுது சாய இறக்கிவிடும். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'பரியேறும் பெருமாள்' வருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2018 ஆகஸ்டில் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை இறங்கும் ரங்கசாமி கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்பட்டு, வாங்கி, இழந்து, கடைசியில் அந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே காவலாளாகிறான். எங்க பக்கத்தைப் பற்றி வந்ததில் இதைவிட நேர்மையான படம் இல்லை. ஆனால் அதன் கடைசிச் சட்டகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு அடுத்த கேள்வி எழுந்தது. ரங்கசாமி மாதிரி ஒருத்தரின் பிள்ளை கல்லூரிக்குப் போனால்? இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு படம் எடுக்கப்படாமல் கிடக்கிறது. அப்பா மலை இறங்குகிறார், பிள்ளை மாடிப்படி ஏறுகிறது. ஒருத்தர் முதுகிலும் இன்னொருத்தர் நாக்கிலும் சுமை.

பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' இந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வரும் புத்தகம். அவரோடு பழகிய மாணவர்களும் நண்பர்களும் எழுதிய சாதி அனுபவக் கட்டுரைகள், 2013இல் வந்தது. பல கட்டுரைகளில் எழுத்துப் பழக்கமில்லாத கையின் தயக்கம் தெரியும். அதுதான் அதன் பலம். வகுப்பில் பேசாதவர்கள் தாளில் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஓர் ஆதாரம். அரசுக் கல்லூரி வாத்தியார் ஒருத்தர் மாணவர்களிடம் 'எழுதித் தா' என்று கேட்டதால் வந்தது. ஆடிட்டோரியத்துக் கோட்டுக்காரர் 'பேசு' என்றார், இவர் 'எழுது' என்றார். கூச்சக்காரனுக்கு இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே உள்ள தூரம் ராசிங்காபுரத்துக்கும் சென்னைக்கும் உள்ளதைவிடப் பெரிசு.

மறுபடியும் 'ஜில்'லுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் ஒரு விஷயத்தை நம் எழுத்து இன்னும் தொடவில்லை. கெம்ப்பின் அறைத்தோழன் கிறிஸ்டோபர் வார்னர் வசதியான வீட்டுப் பையன். கெம்ப் முதல் நாள் அறைக்குள் நுழையும்போதே அங்கே ஒரு கூட்டம் டீ குடித்துக்கொண்டிருக்கிறது, கெம்ப்புக்கு வாங்கி அனுப்பிய கோப்பைகளில். அவனால் 'அது என்னுடையது' என்று சொல்ல முடியவில்லை. அவர்களைக் கவர்வதற்காக இல்லாத ஒரு தங்கையை உண்டாக்குகிறான், அவள்தான் ஜில். இதெல்லாம் பரிதாபத்துக்குரியது. ஆனால் அதே கல்லூரியில் விட்பிரெட் என்று இன்னொரு உதவித்தொகைப் பையன் இருக்கிறான். இவனைப் போலவே வடக்கத்திக்காரன், ஏழை, படிப்பாளி. நாகரிகம் போதாதவன். கெம்ப் அவனோடு சேர மாட்டான். ஒரு நாள் ஆளில்லாத நேரம் பார்த்து விட்பிரெட்டின் அறைக்குள் புகுந்து அதை நாசம் செய்கிறான். வார்னரின் அறையை அல்ல.

கூச்சக்காரன் பாவம் என்று மட்டுமே எழுதிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் கசக்கும். நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே கம்பம், தேவாரம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நாங்கள் ஆறேழு பேர் இருந்தோம், ஆறு மாதம் ஒருத்தரோடு ஒருத்தர் சேராமலே இருந்தோம். எவனாவது 'அங்கிட்டு', 'இங்கிட்டு' என்று வாய் தவறிச் சொன்னால் மெட்ராஸ் பையன்கள் சிரிப்பதற்கு முன்னால் எங்களில் ஒருத்தன்தான் சிரிப்பான். சிரித்தவன் யார் என்று இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. அவன் பேச்சில் அந்த 'அங்கிட்டு' எங்களைவிட ஒரு படி அழுத்தம். பரியனுக்கு எதிரிகள் தெளிவாக இருக்கிறார்கள். பாமாவின் பெண்ணுக்குக் கதவுக்கு வெளியே இருப்பவர்கள் யார் என்று தெளிவு. நம் கதைகளில் விட்பிரெட்டுகள் இல்லை, அவர்களின் அறையை உடைக்கிற கெம்ப்புகளும் இல்லை. ஒடுக்கப்பட்டவனை அழுக்கில்லாமல் காட்டவேண்டிய கட்டாயம் ஒரு காலத்தில் இருந்திருக்கலாம், புரிகிறது. ஆனால் அந்தக் கட்டாயத்தில் முதல் வருடத்தின் பாதி விழுந்துபோகிறது.

இன்னொன்றும் விழுந்துபோகிறது. அது நாடகமே இல்லாத பகுதி. மெஸ் வரிசையில் இரண்டாவது தடவை சோறு கேட்கத் தயங்கி, அரை வயிற்றோடு எழுந்துவருவது. மக்கில் துணி ஊறவைத்துவிட்டு, குழாயடியில் சீனியர்கள் இருப்பதால் ராத்திரி பதினொரு மணிக்குப் போய் அலசுவது. வருகைப் பதிவில் பெயர் கூப்பிடும்போது 'எஸ் சார்' என்பது தொண்டையில் நின்று, ஆப்சென்ட் விழுவது. சனிக்கிழமை எல்லாரும் வெளியே போனபின் காலியான அறையில் கிடைக்கிற அந்த நிம்மதி, ஆமாம், நிம்மதிதான், அதையும் யாராவது எழுத வேண்டும். அசோகமித்திரன் இருந்திருந்தால் இதை எட்டுப் பக்கத்தில் முடித்திருப்பார்.

ராத்திரி எட்டு மணிக்கு வரும் போனை அவர் கண்டிப்பாக விட்டிருக்க மாட்டார். ஜீப் ஊருக்குத் திரும்பி, கை கால் கழுவி, உலை வைத்துவிட்டு அம்மா கூப்பிடும் நேரம் அது. அறையில் பேசினால் மற்றவர்களுக்கு ஊர்ப் பேச்சு கேட்கும் என்று பிள்ளை மாடிப்படியில் போய் உட்கார்ந்திருக்கும்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பாடு?"

"கேக்கல, டவர் இல்லம்மா."

டவர் எல்லாம் இருக்கும். நாலு கோடும் முழுசாகக் காட்டும்.